432 ஓட்டைகளும் ஒரு ரோஜாக் குடிலும்

அகலம் 5 சென்டிமீட்டர், நீளம் 7 சென்டிமீட்டர். பச்சை நிறம். ஒரு வாக்கில் 24, மறுவாக்கில் 18, ஆக மொத்தம் 432 ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் மேலும் கீழும் வெள்ளியாக மின்னும் ஒரு வளையம். ஓரத்தில் ஒரு பக்கம் எழுத்து, இன்னொரு பக்கம் எண். சரக்கு இவ்வளவுதான். இந்த ஓட்டைப் பலகைக்கா இத்தனை கூத்து என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், இதற்குத்தான்! என் மேசைக்கு வந்து சேர்ந்த சாமான்களில் கொடுத்த காசுக்கு இவ்வளவு சந்தோஷத்தைத் திருப்பித் தந்தது வேறு எதுவும் இல்லை. விலை என்ன தெரியுமா? நான் வாங்கியபோது ஒன்று 30 ரூபாய்க்கும் கீழே.

கடையில் டாட் போர்டு என்று கேட்டால் கொடுப்பார்கள். ஜீரோ பிசிபி என்றாலும், ஜெனரல் பர்பஸ் போர்டு என்றாலும் அதே அட்டைதான் வரும். டிவிக்குள்ளும் மிக்ஸிக்குள்ளும் இருக்கிற போர்டில் எந்தக் காலை எதனுடன் இணைப்பது என்பதைச் செம்புக் கோடுகளாகத் தொழிற்சாலையிலேயே போட்டுவிடுவார்கள். அந்தப் போர்டு அந்த ஒரு சர்க்யூட்டுக்கு மட்டும்தான். டாட் போர்டில் கோடு எதுவும் கிடையாது, வெறும் பொட்டுகள்தான். எந்தப் பொட்டை எந்தப் பொட்டோடு சேர்ப்பது என்பது நம் இஷ்டம். இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே சரியாக 2.54 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. பழைய ஐசி கால்கள், பெர்க் ஸ்ட்ரிப், சென்சார் பின்கள் என்று உலகம் முழுக்க இந்த இடைவெளியில்தான் செய்கிறார்கள். அதனால் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் கச்சிதமாக உட்கார்ந்துவிடும்.

பாகலூரில் உட்கார்ந்துகொண்டு எலக்ட்ரானிக்ஸ் பைத்தியமாக இருப்பது ஒரு தனி அவஸ்தை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓசூர். அந்தப் பக்கத்தில்தான் டைட்டன் கடிகாரம் செய்கிறது, டிவிஎஸ்ஸும் ஏத்தரும் வண்டி செய்கின்றன, டாடா எலக்ட்ரானிக்ஸ் செல்போன் வேலை செய்கிறது. சுற்றுவட்டாரத்தில் அரைப்பேர் ஏதாவது ஒரு ஷிப்டில் சர்க்யூட் போர்டைத் தொட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு ரூபாய் டிரான்சிஸ்டர் ஒன்று வேண்டுமென்றால் கடைவீதியில் கிடைக்காது. ரோஜாவுக்கு எந்தக் கம்பெனி மருந்தும் கிடைக்கும். சொட்டுநீர்க் குழாய்க்கு எந்த அளவில் ஜாயின்ட் கேட்டாலும் எடுத்து நீட்டுவார்கள். பிசி547 என்று கேட்டால் மட்டும், அது என்ன புது மருந்தா என்கிற பார்வைதான். சென்னை ரிச்சி தெரு முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு எல்லை தாண்டித்தான் மோட்சம்.

நான் இந்தப் பச்சை அட்டையின் பக்தன் ஆனதற்குக் காரணம் ரோஜாதான். பாகலூர் என்றால் ரோஜா என்று சொல்லவே வேண்டாம். தமிழக அரசின் டிட்கோ நிறுவனத்தின் கூட்டு முயற்சியில் அமைந்த டான்ஃப்ளோரா மலர்ப் பூங்கா பக்கத்தில் அமுதகொண்டப்பள்ளியில்தான் இருக்கிறது. காதலர் தினத்துக்கு வெளிநாடு போகிற சிவப்பு தாஜ்மகால் ரோஜா இந்த மண்ணில்தான் விளைகிறது. பெரிய பண்ணைகளில் எல்லாம் இறக்குமதிக் கருவிகள் இருக்கும். அரை ஏக்கரில் ஒரே ஒரு பாலிஹவுஸ் போட்டிருக்கிறவர் என்ன செய்வார்? சுவரில் தொங்கும் தெர்மாமீட்டரைப் பார்ப்பார், மற்றதை அனுபவத்தில் ஓட்டுவார். எங்கள் தெருவில் அப்படி ஓர் அண்ணன் இருக்கிறார். இரவில் உள்ளே ஈரப்பதம் ஏறி அப்படியே நின்றுவிட்டால் டவுனி நோய் வந்துவிடும், இலையெல்லாம் கொட்டிப்போகும் என்பது அவருடைய நிரந்தரக் கவலை. "தம்பி, ஈரம் ஏறுனா கத்துற மாதிரி ஒரு பெட்டி செஞ்சு குடுக்க முடியுமா?" என்று கேட்டார். என்னைப் போன்ற ஆளிடம் இதைக் கேட்கலாமா! அன்று ராத்திரியே தொடங்கிவிட்டேன்.

சர்க்யூட் ரொம்பச் சின்னது. ஒரு நோட்எம்சியூ, அதில் ஈஎஸ்பி8266 சிப், டிஎச்டி22 சென்சார், பதினாறுக்கு இரண்டு எல்சிடி, ஒரு பஸ்ஸர், அதை இயக்க ஒரு பிசி547. பிரெட்போர்டில் செருகினால் அரை மணி நேர வேலை. பிரெட்போர்டை நான் குறைசொல்லவே மாட்டேன். அந்தக் காலத்து ரேடியோப் பிரியர்கள் மரப்பலகையில் ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி கம்பி சுற்றி செட் செய்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஈ அண்ட் எல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ரொனால்ட் போர்ச்சுகல் என்பவர் இன்றைக்கு நாம் பார்க்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் பிரெட்போர்டை வடிவமைத்த பிறகு, சால்டரே இல்லாமல் செருகிப் பார்க்கவும் பிடுங்கி மாற்றவும் முடிந்தது. யோசனையை ஓடவிட அதைவிட நல்ல இடம் இல்லை.

ஆனால் அதைக் கொண்டுபோய் ரோஜாக் குடிலுக்குள் மாட்ட முடியுமா? பிரெட்போர்டின் ஓட்டைக்குள் இருப்பது சின்ன உலோகக் கவ்வி. அந்தக் கவ்வி கம்பியைப் பிடித்திருக்கிற அழுத்தம்தான் இணைப்பு, வேறு ஒன்றும் இல்லை. பாலிஹவுஸில் ராத்திரி பனி சொட்டும். காலையில் மருந்து தெளிப்பார்கள். சாம்பல் நோய்க்குக் கந்தகத்தைச் சூடாக்கி ஆவி போடுகிற வழக்கமும் உண்டு. கந்தகமும் ஈரமும் சேர்ந்தால் செம்பும் வெள்ளியும் கறுத்துப்போகும், கவ்விக்கும் கம்பிக்கும் நடுவே கறை படியும். எல்சிடியில் எழுத்து மறையும், திரும்ப வரும். சென்சார் திடீரென்று ஒன்றுமே சொல்லாது. தட்டினால் வேலை செய்யும், தட்டாவிட்டால் செய்யாது. போதாததற்கு நோட்எம்சியூவின் அகலமான ரகம் பிரெட்போர்டை முழுக்க மூடிக்கொள்ளும், பக்கத்தில் ஒயர் செருக ஓர் ஓட்டைகூட மிஞ்சாது. சால்டர் வைத்த இணைப்புக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. உலோகம் உருகி உலோகத்தோடு ஒன்றிவிடுகிறது, மேலே ஒரு பூச்சும் அடித்துவிட்டால் ஈரம் அண்டாது.

சரி, டாட் போர்டு என்று முடிவு. அதிலும் ரகம் உண்டு. பழுப்பு நிறத்தில், நம்மூரில் ஹைலம் என்று சொல்கிற அட்டை ஒன்று. காகிதத்தை பீனாலிக் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்தது. கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் எல்லாம் இதில்தான் பிறக்கும். விலை மலிவு, ஹாக்ஸா பிளேடால் ஒரு கீறு போட்டால் பிஸ்கட் மாதிரி உடைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே பொட்டில் இரண்டு தடவை அயர்ன் வைத்தால் செம்பு உரிந்து கையோடு வந்துவிடும். ஈரத்தையும் உறிஞ்சும். ரோஜாக் குடிலுக்கு அது ஆகாது. எனக்கு வேண்டியது கிளாஸ் எபாக்சி: கண்ணாடி இழையை எபாக்சியில் பிணைத்த அட்டை, எஃப்ஆர்4 என்பார்கள். செல்போன் போர்டும் இந்த ரகம்தான்.

எஸ்.பி. ரோடு! சாதர் பத்ரப்பா சாலை என்று முழுப்பெயர் சொன்னால் ஆட்டோக்காரர்களே ஒரு கணம் யோசிப்பார்கள். பெங்களூரு டவுன் ஹாலுக்கும் கே.ஆர். மார்க்கெட்டுக்கும் பக்கத்தில் இருக்கிற அந்தச் சந்துகளில் நுழைந்தால் எனக்குப் பசி தூக்கம் எதுவும் தெரியாது. போகிற வழியும் இப்போது எவ்வளவு சுலபமாகிவிட்டது! 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திரா வரைக்கும் திறந்துவிட்டார்கள். ஓசூர் பஸ்ஸில் அத்திப்பள்ளி, சந்தாபுரா தாண்டி பொம்மசந்திராவில் இறங்கினால், சில்க் போர்டு நெரிசலைத் தலைக்கு மேலேயே கடந்து ஆர்.வி. ரோடு. அங்கே பச்சை வழித்தடத்துக்கு மாறி கே.ஆர். மார்க்கெட்டில் ஏறி வெளியே வந்தால் முதலில் மூக்கில் அடிப்பது பூ வாசனை. அந்தப் பூவில் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பூவும் இருக்கும். அங்கிருந்து நடக்கிற தூரம்தான். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

பெரிய கடைகளில் கேட்டால் பேக்கெட்டாக வாங்கு என்பார்கள். எனக்குப் பிடித்தவை மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கி இருக்கிற கடைகள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதின எண்கள். "டாட் போர்டு, கிளாஸ், டபுள் சைடு" என்றேன். "எஷ்டு பேக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கட்டை எடுத்து மேசைமேல் போட்டார். நான் அட்டையைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பதைக் கண்டதும், "ஒரிஜினல் கிளாஸ்தாண்ணா, நல்லா பாத்துக்கோங்க" என்று தமிழுக்கு மாறிவிட்டார். ஓசூர்ப் பக்கம் என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ!

எதற்காக வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும்? கிளாஸ் எபாக்சியில் ஒளி கசியும், உற்றுப் பார்த்தால் உள்ளே துணி நெசவு மாதிரி இழை தெரியும். ஹைலத்தில் அது தெரியாது. அடுத்து, அட்டையைச் சாய்த்து ஓட்டைக்குள் பார்க்க வேண்டும். உள்சுவரும் பளபளவென்று இருந்தால் மேல் வளையத்தையும் கீழ் வளையத்தையும் ஓட்டைக்குள்ளேயே உலோகம் பூசி இணைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதுதான் உயிர்நாடி. டபுள் சைடு என்று விற்கிற எல்லா அட்டையிலும் இந்தப் பூச்சு இருக்காது. இருந்தால், எவ்வளவு இழுத்தாலும் பொட்டு உரியாது. இரண்டு வளையமும் நடுவில் ஒரு குழாயும் சேர்ந்து அட்டையைக் கவ்விக்கொண்டிருக்கின்றன, எங்கே போகும்?

சால்டர் வைக்கிற அந்த அனுபவம் இருக்கிறதே! 25 வாட் அயர்ன், 22 கேஜ் லெட். அறுபதுக்கு நாற்பது கலந்த அந்த லெட் 190 டிகிரிக்குள் உருகிவிடும். அயர்ன் முனையைக் காலுக்கும் வளையத்துக்கும் சேர்த்துத் தொட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து லெட்டை நீட்டினால், ரோசின் புகை லேசாக எழும். லெட் உருண்டையாக நிற்காது, சட்டென்று படர்ந்து ஓட்டைக்குள் இறங்கிவிடும். போர்டைத் திருப்பினால் மேல்பக்கத்திலும் ஒரு வெள்ளி வளையம் எட்டிப்பார்க்கும். ஹைலத்தில் எத்தனை தவம் இருந்தாலும் இந்தக் காட்சி கிடைக்காது. என்னை விட்டால் விடிய விடிய வெறும் ஓட்டைக்குக்கூட லெட் வைத்துக்கொண்டிருப்பேன்.

ஓரத்து எழுத்தும் எண்ணும் எதற்கு என்று முதலில் புரியவில்லை. இப்போது அதில்லாத போர்டை வாங்குவதே இல்லை. கட்டம் போட்ட நோட்டில் முதலில் வரைந்துகொள்வேன்: டிஎச்டி22-இன் டேட்டா கால் இந்த எழுத்து, இந்த எண், அதற்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம். பஸ்ஸர் கடைசி வரிசை. போர்டைத் திருப்பினால் இடம் வலமாகும் என்கிற நித்திய குழப்பம் இந்த முகவரியால் ஒழிந்தது. நோட்எம்சியூவை நேராகச் சால்டர் வைப்பதில்லை. ஃபீமேல் பெர்க் ஸ்ட்ரிப் இரண்டு வரிசை வைத்து அதில் செருகிவிடுவேன். கெட்டால் பிடுங்கி வேறொன்று போடலாம். சென்சார் ஒயருக்கு ரிலிமேட் கனெக்டர். இணைப்புக் கம்பிக்குக் காசே கிடையாது: ரெசிஸ்டரை வைத்தபின் வெட்டிப்போடுகிற கால்களைச் சேர்த்து வைத்தால் பக்கத்துப் பக்கத்துப் பொட்டுகளுக்கு அதுவே பாலம். தூரத்துப் பொட்டுகளுக்கு சிசிடிவி மாட்டுகிறவர்கள் தூக்கிப்போடுகிற லேன் கேபிள் துண்டு. அதை உரித்தால் நாலு ஜோடியில் எட்டுக் கம்பிகள், ஒற்றை இழை, அரை மில்லிமீட்டர் கனம். டாட் போர்டுக்கென்றே இழுத்த மாதிரி இருக்கும்.

குறையே இல்லையா என்றால், உண்டு. ஓட்டைக்குள் இறங்கிய லெட்டைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு. இரண்டு கால் ரெசிஸ்டரை எப்படியாவது கழற்றிவிடலாம். பல கால்கள் கொண்ட ஐசியைக் கழற்ற சக்கர் பம்பும் பொறுமையும் வேண்டும். அதனால்தான் ஐசிக்கு எப்போதும் சாக்கெட். இன்னொன்று, 230 வோல்ட்டை இந்தப் போர்டில் ஏற்றுகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2.54 மில்லிமீட்டரில் வளையத்தின் அகலம் போனால் நடுவே மிஞ்சுவது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வீட்டு மின்சாரத்துக்கு, அதுவும் ஈரம் படிகிற இடத்தில், அந்த இடைவெளி போதவே போதாது. மோட்டாரோ ஃபாகரோ ஓட்ட வேண்டுமென்றால் தனியாக ரிலே மாட்யூல் வாங்கி வேறு பெட்டியில் வையுங்கள். டாட் போர்டுக்கு 5 வோல்ட் மட்டும் போகட்டும்.

வீரோ போர்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வீரோ நிறுவனம் கொண்டுவந்த அந்தக் கோட்டுப் பலகையில் ஒரு வரிசை ஓட்டைகள் முழுவதையும் ஒரே செம்புப் பட்டை சேர்த்திருக்கும். வேண்டாத இடத்தில் டிரில் பிட்டைக் கையால் திருகிப் பட்டையை அறுக்க வேண்டும். 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' பத்திரிகையைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அதுதான் பள்ளிக்கூடம், எனக்கும் மரியாதை உண்டு. ஆனாலும் அறுக்கிற வேலையைவிட இணைக்கிற வேலைதான் எனக்கு ருசி.

அதே கடையில் கண்ணில் பட்ட இன்னொரு பொக்கிஷத்தைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். பிரெட்போர்டின் அச்சு அசலான பிசிபி! நடுவில் அதே பள்ளத்தின் கோடு, பக்கத்துக்கு ஐந்தைந்து ஓட்டைகளாகச் சேர்ந்த வரிசை, ஓரத்தில் பிளஸ் மைனஸ் பட்டை. நியூயார்க்கில் லிமோர் ஃபிரைட் நடத்துகிற அடாஃப்ரூட் நிறுவனம் பெர்மா புரோட்டோ என்ற பெயரில் இதைப் பிரபலப்படுத்தியது. இப்போது பெயரில்லாத மலிவு ரகங்களும் வந்துவிட்டன. பிரெட்போர்டில் ஓடிய சர்க்யூட்டை ஒரு கம்பிகூட யோசிக்காமல் அப்படியே தூக்கி வைத்துச் சால்டர் வைத்துவிடலாம். புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது இதைத்தான். விலை டாட் போர்டைவிடக் கூட, இடமும் கூடக் கேட்கும். அதனால் எனக்கு இது இரண்டாம் காதல்.

இணையத்தில் வாங்கலாமே என்பீர்கள். வாங்குகிறேன். பெங்களூரு ரோபோகிரேஸ், புனே ரோபு எல்லாம் சின்ன ஆர்டர்களுக்கும் அனுப்புகிறார்கள். ஆனால் ஒரு போர்டு வாங்கினால் கூரியர்க் காசு போர்டை விழுங்கிவிடும், சேர்த்து வாங்கினால்தான் கட்டும். அதோடு எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் விதிக்கப்பட்ட ஒரு சோதனை உண்டு. பெங்களூரு விமான நிலையத்துக்குப் பக்கத்திலும் ஒரு பாகலூர் இருக்கிறது! தமிழ்நாடு, கிருஷ்ணகிரி மாவட்டம் என்று கொட்டை எழுத்தில் போட்டும் என் பார்சல் ஒன்று அந்தப் பாகலூருக்கு யாத்திரை போய்விட்டு வந்தது. டிராக்கிங்கில் 'பாகலூர் வந்தடைந்தது' என்று பார்த்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற என் நிலையை நினைத்துப் பாருங்கள்.

சொந்தமாக பிசிபி அடித்துக்கொள்வதும் இன்று பெரிய விஷயமில்லை. கைகேட் என்கிற இலவச மென்பொருளில் வரைந்து ஷென்சென்னுக்கு அனுப்பினால் ஐந்து போர்டை நம்ப முடியாத விலையில் செய்து தருகிறார்கள். அதற்கு மேல் அஞ்சல் செலவு, சுங்கம், காத்திருப்பு எல்லாம் தனி. பெங்களூரிலும் குஜராத்திலும் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே மாதிரி இருபது பெட்டி செய்ய வேண்டுமென்றால் அதுதான் சரி. ஆனால் ஒரே ஒரு பெட்டி, அதுவும் அண்ணன் நாளைக்கே மனசு மாறி இன்னொரு சென்சார் கேட்கக்கூடிய பெட்டி என்றால், எனக்கு என் 432 ஓட்டை போதும்.

அண்ணன் மனசு மாறவும் மாறினார். பெட்டி குடிலில் ஏறி, ஈரம் ஏறும்போதெல்லாம் ஒழுங்காகக் கத்தத் தொடங்கியதும், "தம்பி, ராத்திரி அது கத்துனா வீட்டுல இருக்கற எனக்கு எப்படிக் கேக்கும்? போன்ல சொல்லாதா?" என்றார். அதற்குத்தானே முதலிலேயே வைஃபை உள்ள நோட்எம்சியூ! போனில் சொல்லவைக்கப் புதுசாக ஒன்றும் வாங்காமல் புரோகிராமை மட்டும் மாற்றினேன். டிஎச்டி22 ஈரத்திலேயே ஊறிக் கிடந்தால் அளவு பிசகும் என்பதால் எஸ்எச்டி31 சென்சாருக்கும் மாறினோம். போர்டில் காலியாகக் கிடந்த மூலையில் நாலு பின் பெர்க் ஸ்ட்ரிப் வைத்து, லேன் கேபிள் கம்பி நாலு இழுத்தேன், வேலை முடிந்தது. தொழிற்சாலையில் அடித்த பிசிபியாக இருந்தால் குப்பைக்குத்தான் போயிருக்கும். கடைசியாகச் சென்சாரையும் கனெக்டர்களையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, போர்டின் இரண்டு பக்கமும் அக்ரிலிக் ஸ்பிரே அடித்தேன். ஸ்பிரே கிடைக்காதவர்கள் நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசிக்கொள்ளலாம், பொழுதுபோக்கு வேலைக்குத் தாராளமாகப் போதும்.

இப்போது பக்கத்துக் குடில்காரரும் கேட்கிறார். அடுத்த முறை எஸ்.பி. ரோடு போகும்போது 9க்கு 15 அட்டையாகவே வாங்கி வரப்போகிறேன். ஓட்டை வரிசை மேலேயே இரண்டு பக்கமும் ஆழமாகக் கீறி மேசை விளிம்பில் வைத்து அழுத்தினால் நேராக உடையும், ஒரே அட்டையில் இரண்டு பெட்டிக்கு ஆகும். அறுக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், கண்ணாடித் தூள் பறக்கும்.